சீட் கவருக்கு அடியில் போன சீட் பெல்ட்

இந்த முறை ஊருக்குப் போனபோது என்னை உண்மையாகவே கலங்க வைத்தது, திருச்சி விமான நிலையத்திலிருந்து மேலூர் வரை சென்ற வாடகைக் காரின் பின் இருக்கைதான். வண்டி புதியது, ஓட்டுநர் தம்பியும் பணிவானவர். ஆனால் தோள்பக்கத்திலிருந்து பெல்ட்டை இழுத்தால், அதை மாட்டுவதற்குப் பக்கிள் இல்லை. இருக்கையின் முழு அகலத்துக்கும் ஒரே துண்டாகத் தைத்த ரெக்சின் கவரை இழுத்துக் கட்டியிருந்தார்கள். தடவிப் பார்த்தபோது பக்கிள்கள் அதற்கடியில் புடைத்துக்கொண்டிருந்தன.

"பின்னாடி யாரும் போட மாட்டாங்க சார். உக்காந்தா குத்துதுன்னு சொல்றாங்க, அதான் உள்ள விட்டுத் தச்சாச்சு" என்றார் தம்பி.

அவருக்குப் பக்கத்து இருக்கையின் பக்கிளில், பெல்ட்டே இல்லாத வெறும் கிளிப் ஒன்று செருகியிருந்தது. முன் இருக்கைக்காரர் பெல்ட் போடாவிட்டால் ஒலிக்கும் எச்சரிக்கை மணி, 2019 ஜூலை முதல் புதிய கார்களில் கட்டாயம். அதன் வாயை அடைக்கும் இந்தக் கிளிப்புகளை விற்கக் கூடாது என்று இணைய வணிகத் தளங்களுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023இல் உத்தரவிட்ட பிறகும், அது அங்கே இருந்தது.

சட்டத்தில் குறை இல்லை. பின் இருக்கையில் முன்னோக்கி அமர்பவரும் பெல்ட் அணிய வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 138 சொல்கிறது. மீறினால் 1,000 ரூபாய் அபராதம். 2022 செப்டம்பரில் பால்கர் அருகே தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்ததும் பெல்ட் அணியாமல் பின் இருக்கையில் சென்றபோதுதான். அத்தனை விலையுயர்ந்த காராலும் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. பெல்ட் போடாமல் பின்னால் இருப்பவர், மோதும் கணத்தில் வண்டி ஓடிய அதே வேகத்தில் முன் இருக்கை மீது போய் விழுகிறார். முன்னால் இருப்பவரின் உயிருக்கும் அதனால் ஆபத்து.

நான் வாழும் மெல்போர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலம்தான் 1970இல் உலகிலேயே முதலில் சீட் பெல்ட்டைக் கட்டாயமாக்கியது. அங்கே என் ஐந்து வயது மகள் தனக்குரிய இருக்கையில் பூட்டப்படாமல் வண்டி நகராது. இங்கே அம்மா அவளை மடியில் வைத்துக்கொள்ளக் கைநீட்டினார். அந்த ஆசை எனக்கும் புரிகிறது. அம்பாசடர் காரில் பெரியப்பா மடியில் அமர்ந்து ஜன்னல் காற்று வாங்கியபடி அழகர்கோவில் போனவன் நான். அன்றைய குண்டும் குழியுமான ஒற்றைச் சாலையில் வண்டி ஊர்ந்தது. இன்று நான்குவழிச் சாலையில் முள் நூறைத் தொடுகிறது, மடி மட்டும் மாறவில்லை.

விராலிமலையில் தேநீருக்கு நிறுத்தியபோது, தம்பியும் நானும் சீட்டுக்கடியில் கவரின் கொக்கிகளைக் கழற்றி, பக்கிள்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தோம். ஒன்றின் வாயில் முறுக்குத் தூளும் மணலும் இறுகிக் கிடந்தன. ஊதி, ஊக்கால் சுரண்டிய பிறகே 'டக்' என்று பூட்டியது. அம்மா முனகிக்கொண்டே மாட்டிக்கொண்டார். குழந்தை இருக்கை இல்லாத குறை மட்டும் மேலூர் வரை தீரவில்லை.

திரும்பும் பயணத்துக்கு வேறொரு நிறுவனத்தில் வண்டி கேட்டபோது, பெல்ட் இருக்கிறதா என்று கேட்கவில்லை. எல்லோரும் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். பின் சீட்டில் பக்கிள் கவருக்கு வெளியே இருக்கிறதா என்று கேட்டேன். உரிமையாளர் ஷெட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, "இல்லைங்க சார், எடுத்துவிட்டு அனுப்புறேன்" என்றார், சொன்னபடியே அனுப்பினார். ஊருக்குப் போகிறவர்கள் பதிவு செய்யும்போதே இதையும், குழந்தை இருந்தால் அதற்கான இருக்கையையும் கேட்டுவிடுங்கள்.