முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு ‘எக்ஸ்ரே நார்மல்’ என்று அனுப்பிவிட்டால் அதோடு விட்டுவிடாதீர்கள்

கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்கு ரோட்டிலிருந்து 38 படி இறங்க வேண்டும். முட்டி மாற்று ஆபரேஷன் முடிந்த மூன்றாம் மாதம், அம்மா அந்தப் படிகளில் பின்பக்கமாகத் திரும்பி, கைப்பிடிக் குழாயைப் பிடித்துக்கொண்டு இறங்க ஆரம்பித்தார். ஏறும்போது அவ்வளவு தொல்லை இல்லை. இறங்கும்போதுதான், “கால் விட்டுப் போற மாதிரி இருக்குது கண்ணு” என்பார்.

ஒரு நாள் கட்டிலில் உட்கார வைத்து, முட்டி மேல் உள்ளங்கையை வைத்துக் காலை மெதுவாக மடக்கச் சொன்னேன். பாதி மடங்கியதும் முட்டிச் சில்லு ‘டக்’கென்று வெளிப்பக்கமாக நழுவியது. நீட்டினால் திரும்ப வந்தது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

ஆபரேஷன் செய்த கோவை ஆஸ்பத்திரிக்கு மூன்று முறை போனோம். மேட்டுப்பாளையம் வரை அந்த வளைவுகளில் காலை மடக்கி உட்கார்ந்து வருவதே அம்மாவுக்குத் தண்டனை. அங்கே நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, இரண்டே எக்ஸ்ரே. “இம்பிளான்ட் (உள்ளே வைத்த செயற்கை மூட்டு) நல்லா உட்கார்ந்திருக்கு. அம்மாதான் பயந்துக்கிட்டு எக்சர்சைஸ் பண்றதில்லை.” மூன்றாம் முறை டாக்டர் முட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஃபீஸ் மட்டும் மறக்காமல் வாங்கினார்கள். நானும் அதை நம்பி வீட்டில் அம்மாவைத் திட்டினேன் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

வேறொரு டாக்டர் முதலில் கேட்டதே, முட்டியை மடக்கி வைத்து எடுக்கும் ஸ்கைலைன் எக்ஸ்ரே. சில்லு பள்ளத்தில் உட்காராமல் வெளியே சாய்ந்து நின்றது அதில் பளிச்சென்று தெரிந்தது. அப்புறம் சி.டி. ஸ்கேன். செயற்கை மூட்டில் தொடை எலும்பில் வைத்த பாகம் உள்பக்கமாகத் திரும்பிப் பொருந்தியிருந்தது. சில்லு வெளியே நழுவியது அதனால்தான். சாதாரண எக்ஸ்ரேயில் அந்தத் திருப்பத்தைச் சரியாக அளக்க முடியாதாம். பக்கத்துத் தசைநார் இறுக்கம் மட்டும் என்றால் அதைத் தளர்த்திப் பார்க்கலாம். பாகமே அதிகமாகத் திரும்பியிருந்தால் எக்சர்சைஸ் மட்டும் செய்து பயனில்லை, பெரும்பாலும் கழற்றி மாற்ற வேண்டியதுதான்.

அதற்கு, உள்ளே இருப்பது எந்தக் கம்பெனி, என்ன சைஸ் என்று தெரிய வேண்டும். எங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்த விவரம் அச்சடித்த இம்பிளான்ட் ஸ்டிக்கர்களே இல்லை. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு முட்டி இம்பிளான்ட்டுக்கு உச்ச விலை வைத்தது. எங்கள் பில்லிலோ ‘பேக்கேஜ்’ என்று ஒரே வரி, இம்பிளான்ட்டுக்கு எவ்வளவு போட்டார்கள் என்பதே தெரியவில்லை. டிஸ்சார்ஜ் அன்றைக்கே ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கிவிடுங்கள். நான் மூன்று வாரமாக அலைகிறேன். ரெக்கார்ட் ரூம்காரர் லீவில் இருக்கிறாராம்.