பத்து நாளில் ஏழு நகரங்கள்: ஒரு சிக்கன ஐரோப்பியச் சுற்றுலாவின் மதிப்பீடு

2025 மே மாதம் நானும் என் துணைவியாரும் மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து புறப்பட்டு, பயண நிறுவனம் ஒன்று ஏற்பாடு செய்த பத்து நாள் ஐரோப்பியச் சுற்றுலாவுக்குச் சென்று வந்தோம். பாரிஸ், பிரசல்ஸ், ஆம்ஸ்டர்டாம், கோலோன், லூசர்ன், வெனிஸ், ரோம் ஆகிய ஏழு நகரங்களுக்கு விமானச் சீட்டு, விடுதி, காலை உணவு, பேருந்து அனைத்தும் சேர்த்து ஆளுக்கு 8,900 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிய பெற்றோருக்குப் பிறந்து, தமிழ்ப்பள்ளியில் பணியாற்றி ஓய்வு பெற்ற எங்களுக்கு அது சிறிய தொகையன்று. எங்கள் ஊரில் இன்னும் சிலர் இதே பயணத்துக்குப் பணம் கட்ட எண்ணியிருப்பதால், கண்டதைக் கண்டபடி எழுதுகிறேன்.

முதலில் நிறைகளைச் சொல்லிவிடுகிறேன். மலேசியக் கடப்பிதழ் உள்ளவர்கள் ஷெங்கன் நாடுகளில் (தமக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளில்) விசா இல்லாமலே 180 நாட்களுக்குள் 90 நாள் வரை தங்கலாம் என்பதால், எங்களுக்குத் தாள்வேலை எதுவும் இருக்கவில்லை. பேருந்து தூய்மையாக இருந்தது. உடன் வந்த வழித்துணைவர் முதியவர்களிடம் ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை. மூட்டுவலிக்காரரான என் துணைவியாருக்கு ஒவ்வோர் இடத்திலும் கைகொடுத்து இறக்கிவிட்டார்.

குறை விடுதியில் தொடங்கியது. பயணத் தாளில் 'பாரிஸ்' என்று அச்சிட்டிருந்த இரண்டு இரவுகளும், நகரத்திலிருந்து முப்பது கிலோமீட்டர் தள்ளி, கிடங்குகளுக்கு நடுவே இருந்த ஒரு விடுதியில் கழிந்தன. வெனிஸும் ரோமும் அப்படியே. மாலை ஆறு மணிக்கு விடுதியில் இறக்கிவிட்டால், மே மாதத்தில் பாரிஸில் ஒன்பது மணி கடந்தும் வெளிச்சம் இருக்கிறது; அந்த மூன்று மணி நேரத்தையும் நாங்கள் சன்னல் வழியாகக் கிடங்குச் சுவரைப் பார்த்துக் கழித்தோம். பேருந்தை இன்னும் சற்று நேரம் ஓட்டக் கூடாதா என்று கேட்டபோதுதான் விவரம் புரிந்தது. ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி ஓட்டுநர் நான்கரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுக்க வேண்டும்; வழக்கமாக ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. இது ஓட்டுநரின் உயிரையும் நம் உயிரையும் காக்கும் நல்ல சட்டம். ஆனால் கோலோனிலிருந்து லூசர்னுக்குள்ள அறுநூறு கிலோமீட்டரை ஒரே நாளில் கடக்கத் திட்டம் போட்டால், அந்த நாள் முழுவதும் நெடுஞ்சாலைக்கே போய்விடுகிறது. அதனால் கோலோன் பேராலயத்துக்கு எங்களுக்குக் கிடைத்தது நாற்பது நிமிடம் மட்டுமே. 1248இல் தொடங்கி 1880இல் முடித்த, 157 மீட்டர் உயரமுள்ள அந்தக் கோபுரங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொடி உயர்த்தி அழைத்துவிட்டார்கள்.

அடுத்தது 'விருப்பச் சுற்று' எனப்படும் கூடுதல் கட்டணம். ஐஃபெல் கோபுரத்தின் இரண்டாம் தளம், சேன் ஆற்றில் படகு, வெனிஸில் கொண்டோலா எனும் துடுப்புப் படகு, லூசர்ன் அருகே பனிமலை ஆகிய அனைத்தும் தனிக் கணக்கு. எல்லாவற்றையும் எடுத்தவர்களுக்கு ஆளுக்கு 340 யூரோ ஆயிற்று. ஒரு யூரோ ஏறத்தாழ ஐந்து வெள்ளி என்று வைத்தால், 1,700 வெள்ளி. அதே ஐஃபெல் கோபுரத்தில் 674 படிகள் ஏறி இரண்டாம் தளம் செல்லும் சீட்டு மின்தூக்கிச் சீட்டைவிடக் குறைவு என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. கால்வலி இல்லாதவர்கள் அதைக் கேட்டு வாங்கலாம். பயணத் தாளில் 'புகைப்பட நிறுத்தம்' என்று வரும் இடங்களில் உள்ளே செல்வதில்லை. லூவர் அருங்காட்சியகம் எங்களுக்குக் கண்ணாடிப் பிரமிடுக்கு முன் இருபது நிமிடமாகவே முடிந்தது.

இரண்டாம் நாள் மதியம் பாரிஸில் கடைவீதிக்கென ஒதுக்கிய நான்கு மணி நேரத்தில் குழுவைவிட்டு விலகினோம். இந்தப் பயணத்தில் மனம் நிறைந்தது அப்போதுதான். 2019இல் தீப்பிடித்து, 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்ட நோத்ர தாம் பேராலயத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. வரிசை நீண்டிருந்தாலும் விரைவாக நகர்ந்தது. கழுவித் துடைத்த கல் உள்ளே வெண்ணெய் நிறத்தில் ஒளிர, என் துணைவியார் தூணொன்றில் உள்ளங்கையை வைத்து வெகுநேரம் நின்றார். அங்கிருந்து 2.50 யூரோ சீட்டில் மெட்ரோ பிடித்து, வடக்கு ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள லா சப்பல் பகுதிக்குச் சென்றோம். ஈழத்தமிழர்களின் கடைகள் நிறைந்த அந்தத் தெருவில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளைக் கண்டதும் எங்கள் இருவருக்கும் கண் கலங்கிவிட்டது. இடியாப்பமும் சொதியும் பரிமாறிய அம்மையார், "மலேசியாவோ? இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளுங்கோ" என்று கேளாமலே ஊற்றினார். ஆறு நாள் இனிப்பு ரொட்டியும் குளிர்ந்த பன்றி இறைச்சித் துண்டுமாக வரும் காலை உணவை எதிர்நோக்கிய எங்களுக்கு, அந்த ஒரு தட்டு வழித்துணையாக நின்றது. அந்த விலைக்குச் சூடான காலை உணவைக் கேட்க முடியாது. ஆனால் மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் உண்ணாதவர்கள் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க ஒரு படிவமாவது வைத்திருக்கலாம்.

தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் சில்லறை வேண்டும். ஜெர்மனியின் நெடுஞ்சாலை ஓய்விடங்கள் பலவற்றில் கழிப்பறைக்கு ஒரு யூரோ. அங்கே தரும் சீட்டை அந்த ஓய்விடத்துக் கடையில் கொடுத்து, வாங்கும் பொருளின் விலையில் கழித்துக்கொள்ளலாம். ரோமில் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதே இல்லை. தெருவெங்கும் 'பெருமூக்கு' என்று பொருள்படும் பெயர் கொண்ட இரும்புக் குழாய்களில் குளிர்ந்த நீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள சிறு துளை வழியாக நீர் பீறிட்டு வரும், குனியாமல் குடிக்கலாம். புனித பேதுரு பேராலயத்துக்கும் கட்டணமில்லை, ஆனால் கத்தோலிக்கரின் புனித ஆண்டான யூபிலி ஆண்டின் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றோம்.

தனியாக ரயில் மாறிச் செல்ல அஞ்சும் முதியவர்களுக்கு இந்தச் சேவையை நான் பரிந்துரைப்பேன். கைப்பேசியில் வரைபடம் பார்க்கத் தெரிந்த பிள்ளைகள் உடன் வந்தால், ஏழு நகரங்களை மூன்றாகக் குறைத்து நகரத்துக்குள்ளேயே தங்குவது இதே பணத்தில் அமையும். திரும்பி வந்ததும் இக்குறைகளை நிறுவனத்துக்குக் கடிதமாக எழுதினேன். விடுதி அமைந்துள்ள ஊரின் பெயரை அடுத்த பயணத் தாளில் அச்சிடுவதாகத் தொலைபேசியில் சொன்னார்கள்; அது அச்சாகி வரும்வரை, முன்பணம் கட்டுமுன் விடுதியின் முகவரியையும் விருப்பச் சுற்றுகளின் விலையையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.