நண்டுக்காரரின் காமிக்ஸ்: பின் அடித்ததா, பசை போட்டதா?

அட்டையில் வரைந்தவர் பெயர் கிடையாது. வலது கீழ் மூலையில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு வயல் நண்டு மட்டும் இருக்கும். தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கம் வாங்கிப் படித்தவர்கள் 'நண்டுக்காரர் புத்தகம்' என்றே சொல்கிறார்கள். இதுவரை மூன்று வந்திருக்கின்றன. தலைப்புகளைவிட விஷயம்தான் வாயில் நிற்கிறது: மதகு, பந்தி, கொள்முதல். ஒவ்வொன்றும் ஏ5 அளவு, 32 பக்கம், 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) எடையுள்ள மேப்லித்தோ என்ற பூச்சில்லாத அச்சுத்தாள், நடுவில் இரண்டு பின், விலை 70 ரூபாய். இப்போது மூன்றையும் சேர்த்து, கூடவே பத்துப் பக்கத்தில் ஒரு புதுக் கதையும் வைத்து, 112 பக்கத்தில் பசை ஒட்டிய தொகுப்பு 240 ரூபாய்க்கு வந்திருக்கிறது. முப்பது ரூபாய்தானே கூட, தொகுப்பையே வாங்கிவிடலாம் என்று கை போகும். வேண்டாம். இவருடைய சிரிப்பு வசனத்தில் இல்லை, தாளில் இருக்கிறது. தாளை மாற்றியதும் பாதிச் சிரிப்பு போய்விட்டது.

'மதகு' இதற்கு நல்ல சாட்சி. மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறந்தாகிவிட்டது. கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள். அங்கிருந்து வெண்ணாறு, வெட்டாறு என்று பிரிந்து, வாய்க்கால் வாய்க்காலாக இறங்கிக் கடைமடைக்கு வர வேண்டும். கடைமடையில் ஒரு பெரியவர் மதகுக் கட்டையில் குந்தியிருக்கிறார். பக்கத்துக்கு ஒன்பது கட்டம். ஒன்பதிலும் அதே மதகு, அதே காய்ந்த வாய்க்கால், அதே பெரியவர். மதகின் நிழல் நகர்கிறது, பெரியவரின் தலை கொஞ்சம் கொஞ்சமாகத் தொங்குகிறது, வாய்க்காலுக்குள் படுத்திருக்கும் நாய் புரண்டு படுக்கிறது, அவ்வளவுதான் மாற்றம். நாலு பக்கம் இப்படியே ஓடுகிறது. 9ஆம் பக்கத்துக் கடைசிக் கட்டத்தில் நாய் மட்டும் எழுந்து நின்று மேற்கே பார்க்கிறது. 9 வலப்பக்கம். புரட்டினால் 10இல் கட்டமே இல்லை, பக்கம் முழுக்கத் தண்ணீர். எருக்கஞ்செடி, பாலிதீன் பை, ஒற்றைச் செருப்பு, நாய் எல்லாம் மிதந்து வருகின்றன. பெரியவர் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார்.

தொகுப்பில் முன்பக்கங்களுக்கு ஐந்து பக்கம் போயிருக்கிறது. ஒற்றைப்படை. அதனால் பழைய 9 இப்போது 14, இடப்பக்கம். பழைய 10 இப்போது 15, நேர் எதிரே. விரித்ததுமே தண்ணீர் கண்ணில் படுகிறது, நாய் எழுந்து ஒரு பிரயோஜனமும் இல்லை. முன்னுரைக்குப் பின் ஒரு வெற்றுப் பக்கம் விட்டிருந்தால் தீர்ந்திருக்கும் விஷயம். பக்கத்தைப் புரட்டுகிற இடத்தில் கதையை நிறுத்தத் தெரிந்த ஒருவர், தொகுப்பின் ஃபைலைப் பார்க்காமலே அச்சுக்குக் கொடுத்துவிட்டார் போலிருக்கிறது.

இதே பக்கத்தில் ஒரு கைத்திறனும் உண்டு. 80 ஜிஎஸ்எம் தாளில் அடர்கறுப்பை நிரப்பினால் மறுபக்கம் நிழலாகத் தெரியும். 9இன் முதுகுதான் 10. அங்கே தண்ணீரைக் கறுப்பாக அப்பியிருந்தால், நாய் நிற்கும் கட்டத்துக்குள்ளேயே வெள்ளம் கசிந்து தெரிந்திருக்கும். அவர் முழுத் தண்ணீரையும் மெல்லிய நெளிகோடுகளாலேயே இழுத்திருக்கிறார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலொழிய 9இல் எதுவும் தெரியாது.

மூன்றில் சிறந்தது 'பந்தி'. கலியாண வீட்டு இரண்டாம் பந்தியில் இடம் பிடிக்கும் கதை, அடிதடி, குடும்பப் பகை எல்லாம் இருக்கிறது. ஆனால் வாங்க வேண்டியது 16, 17 என்ற நடுப்பக்கத்துக்காக. இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே நுனி இலை. நுனி இடப்பக்கம் வருகிறது, அதாவது படிக்கிறவர்தான் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார். நடுநரம்பு குறுக்கே ஓடி, மேலே கறிவகை, கீழே சோறு. இலையில் விழுந்த ஒவ்வொரு பதார்த்தமும் ஒரு கட்டம். அவியலுக்குள் இரண்டு மாமாக்கள் ஒரு காணி நிலத்துக்காகப் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்பளத்தின் மேலே ஒரு சின்னப் பையன் நடந்து பார்க்கிறான், விரிசல் அவன் பின்னாலேயே வருகிறது. ஓரத்து வெள்ளையில் வாளியோடு பரிமாறுகிறவர் சுற்றிச் சுற்றி ஓடுகிறார், அவர் பார்க்கும் திசையில்தான் கண்ணும் போக வேண்டும். சோற்றுக் குவியல் சரியாக மடிப்பின் மேல். நடுவில் பாத்தி கட்டி ரசத்தை ஊற்றியிருக்கிறார்கள். அந்தச் சோற்று வரப்பில் நண்டு ஓட்டை போட்டிருக்கிறது. ரசம் அந்த ஓட்டை வழியே கிளம்பி, பாயசத்தில் உட்கார்ந்திருக்கும் சம்பந்தியை நோக்கிப் போகிறது.

பின் அடித்த புத்தகத்தில் நடுப்பக்கம் ஒரே தாள். தட்டையாக விரியும், நண்டும் ஓட்டையும் முழுசாகத் தெரியும். தொகுப்பில் இதே இலை 54, 55இல் எதிரெதிரேதான் வருகிறது, பக்கக் கணக்கில் தப்பில்லை. ஆனால் பசை போடுவதற்கு முன் முதுகை மூன்று மில்லிமீட்டர் அளவுக்குச் சீவுவார்கள். பிறகு புத்தகம் முழுதாக விரியாததால் பக்கத்துக்கு இன்னும் ஐந்தாறு மில்லி உள்ளே போய்விடும். நண்டு போயே போச்சு. ரசம் காரணமில்லாமல் ஓடுகிறது. நண்டைப் பார்த்தே தீருவேன் என்று அமுக்கி விரித்தால் முதுகில் கோடு விழுந்து, அந்த இடத்திலேயே தாள் கழன்றுவரும்.

நண்டு சும்மா கையெழுத்துக்காகப் போட்டதில்லை. வயல் நண்டு வரப்பைத் துளைத்து, பக்கத்துக் கொல்லைக்குத் தண்ணீரை விடும் என்பது விவசாயிக்குத் தெரிந்த தொல்லை. இவர் கட்டத்தின் கோட்டையே வரப்பாக்கிவிட்டார். மூன்றாவது கட்டத்தில் ஒருவர் ரகசியமாகச் சொல்வது, நண்டு போட்ட ஓட்டை வழியே ஐந்தாவது கட்டத்தில் இருப்பவர் காதில் விழுகிறது. முதல் வாசிப்பில் இதைத் தவறவிட்டுவிட்டு, 'இவனுக்கு எப்படித் தெரிந்தது' என்று குழம்புகிறவர்கள் அதிகம். குழம்பினால் கோட்டில் ஓட்டை எங்கே என்று தேடுங்கள்.

வசனம் முழுக்க டெல்டாப் பேச்சு. வெளியூர்க்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை: இங்கே 'தண்ணி வந்துட்டு' என்றால் வாக்கியம் முடிந்துவிட்டது, வந்துவிட்டது என்று பொருள். 'மதகு' 12ஆம் பக்கத்தில் சென்னையிலிருந்து வந்த மருமகன் இதில்தான் மாட்டுகிறார். மாமனார் "தண்ணி வந்துட்டு" என்கிறார். மருமகன் "வந்துட்டு...?" என்று வாயைப் பார்க்கிறார். மாமனார் மறுபடியும், "வந்துட்டு மாப்ள." மருமகன், "சரிங்க மாமா, வந்துட்டு?" மூன்றாம் தடவைக்குள் தண்ணீர் மருமகனின் முழங்காலுக்கு வந்துவிடுகிறது. ஊர்ப்பேச்சை அடிக்குறிப்புப் போட்டு விளக்காமல், விளங்காததையே சிரிப்பாக்கியிருக்கிறார்.

முதல் இரண்டும் கையெழுத்து. தமிழை பலூனுக்குள், அதாவது வசனக் குமிழிக்குள், அடக்குவது லேசில்லை. 'சொல்லிக்கொண்டிருக்கும்போதே' என்று ஒரே சொல் வந்தால் பலூன் கட்டத்தைத் தாண்டும். இவர் பேச்சுவழக்கில் சுருக்கி, வரிக்கு இரண்டு சொல்லுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்கிறார். ஒற்றெழுத்தில் வரியைத் தொடங்குவதே இல்லை. காலும் ரகரமும் குழம்பாமலிருக்க, ர-வின் அடிக்கோட்டை நன்றாகச் சாய்த்து இழுத்திருக்கிறார். கண்ணுக்கு அலுப்பே இல்லை.

'கொள்முதல்' அப்படியில்லை. கணினி எழுத்துக்கு மாறிவிட்டார், அதுவும் தடித்த எழுத்து. ஏ4இல் வரைந்ததை ஏ5க்குக் குறைத்தால் 71 சதவீதமாகச் சுருங்கும். அப்போது புள்ளிகள் மேலே அடைத்துக்கொள்கின்றன. 'வெட்டாறு' பல இடங்களில் 'வெடடாறு' என்றே நிற்கிறது. மூலத்தில் 0.2 மில்லிக் கோடு அச்சில் 0.14க்கு வந்து அங்கங்கே அறுந்திருக்கிறது. இரவுக் காட்சிகளில் கறுப்பை அப்பியதால், முன்பு சொன்ன அதே கோளாறு: மறுபக்கத்து பலூன்களெல்லாம் அழுக்கேறித் தெரிகின்றன. அட்டையும் கறுப்புதான். டிஜிட்டல் அச்சில் டோனர் என்ற மைத்தூள் தாளின் மேலே ஒரு தோல் மாதிரி உட்கார்ந்திருக்கும், மடிப்பில் வெடித்து வெள்ளைக் கோடு விழும். புதுப் பிரதியிலேயே விழுந்திருந்தால் கடைக்காரரைக் குறை சொல்லாதீர்கள்.

கதையும் சுமார்தான். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதம், 40 கிலோ சாக்கு, தார்ச்சாலையில் காயும் நெல், மேலே மழை என்று சரக்கு கை நிறைய இருக்கிறது. ஆனால் எல்லாரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அதிகாரி என்றால் தொந்தியும் மூக்குக் கண்ணாடியும் என்பது வாரப்பத்திரிகை ஜோக்குகளில் பார்த்துப் பார்த்துச் சலித்த உருவம். விதிவிலக்கு 21ஆம் பக்கம்: ஈரப்பதமானியில் 18 காட்டிய நெல்லை விவசாயி வாயால் ஊதுகிறார், மறுபடி வைத்தால் 19.

தஞ்சாவூரில் பிறந்து கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்த கோபுலு, வசனமே இல்லாத நகைச்சுவைப் படங்களை விகடனில் எத்தனையோ போட்டிருக்கிறார். ஆனால் காமிக்ஸ் என்று தமிழில் புத்தகமாக வந்தது, 1972இல் முத்து காமிக்ஸும் 1984இல் லயன் காமிக்ஸும் தொடங்கிய காலத்திலிருந்தே, பெரும்பாலும் மொழிபெயர்ப்புதான். நாயகன் ஓடுவான், சுடுவான், குதிரையில் ஏறுவான். ஒரு கிழவர் நாலு பக்கம் சும்மா உட்கார்ந்திருக்கும் காமிக்ஸுக்குப் பழக நமக்குக் கொஞ்ச நாள் ஆகும்.

குழந்தைகளுக்கு 'பந்தி' கொடுக்கலாம், எட்டு வயதுக்கு மேல் தானாகவே இலையைத் தேடிப் படிப்பார்கள். 'கொள்முதல்' வேண்டாம், அலுத்துவிடும்.

வாங்கும்போது நடுப்பக்கத்தை விரித்துப் பின் இரண்டும் மடிப்பின் மேலேயே இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாம் அச்சில் சில பிரதிகளில் ஒரு மில்லி விலகி, மேல் பின் அவியல் மாமாவின் நெற்றியில் இறங்கியிருக்கிறது. உள்தாள்கள் வெளித்தாளைவிட ஒரு மில்லி வரை வெளியே துருத்தி, பிறகு வெட்டுப்படுவது பின் அடித்த புத்தகங்களுக்கு இயல்பு. அதனால் நடுப்பக்கங்களில் பக்க எண் ஓரத்தை ஒட்டி நிற்கும், அது குறையில்லை. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மேப்லித்தோ அலை அலையாக வளையும், பின் துருப்பிடித்துப் பழுப்புக் கறை விடும். இரும்பு பீரோவில் சுவரைத் தொடாத தட்டில் படுக்கைவாக்கில் வைத்து, மேலே கனமான புத்தகம் ஒன்றை ஏற்றிவிட்டால் போதும். தொகுப்பைத்தான் வாங்கியிருக்கிறீர்கள் என்றால் சித்திரை வெயிலில் கார் டேஷ்போர்டில் மட்டும் போடாதீர்கள், பசை இளகிவிடும்.

தொகுப்பில் மட்டும் இருக்கும் அந்தப் பத்துப் பக்கக் கதை, டவுன் பஸ்ஸில் ஒரு பலாப்பழத்துக்கு டிக்கெட் போடலாமா என்ற தகராறு. நன்றாகவே இருக்கிறது. புத்தகக் காட்சியில் நின்றபடியே படித்துவிடலாம், 103ஆம் பக்கம்.