ரெட் லேடி என்று வாங்கினேன், நான்கு ஆண் மரம் வந்தது

வைகாசியில் எங்கள் ஊர்ச் சாலையோர நர்சரி ஒன்றில் பன்னிரண்டு பப்பாளிக் கன்றுகள் வாங்கினேன். கன்று 30 ரூபாய். பையில் ‘ரெட் லேடி’ என்று, சிவப்புச் சதையுள்ள பப்பாளி ரகத்தின் பெயரில், சீட்டு ஒட்டியிருந்தது. அத்தனையும் காய்க்கும் என்றார்கள். கன்றுகளைக் குறை சொல்ல முடியாது. தண்டு பென்சில் கனம், பைக்குள் வேர் சுருளவில்லை, இலையில் தேமல் இல்லை. ஆறடி இடைவெளி விட்டு நட்டேன். ஒன்றுகூடப் பட்டுப்போகவில்லை.

ஐந்தாம் மாதம் பூத்தபோதுதான் சங்கதி வெளிவந்தது. நான்கு மரங்களில் முழ நீளக் காம்புகள் சடைசடையாகத் தொங்கின. ஒரு பூவைப் பிரித்துப் பார்த்தேன்: மெல்லிய குழல், அதன் வாயில் பத்து மகரந்தத் தாள்கள், நடுவே சூல்பை இருக்கவேண்டிய இடத்தில் ஊசிமுனை போல ஏதோ ஒன்று. ஆண் மரமேதான்.

கடைக்காரரிடம் போனேன். “மண் வாகு அம்மா, தண்டில் ஆணி அடியுங்கள், காய்த்துவிடும்” என்றார். மரம் ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும் குரோமோசோம் ஆணி அடித்தால் மாறுமா? ரெட் லேடி விதையில் பெண் மரமும், ஒரே பூவில் ஆண் பெண் இரண்டு உறுப்பும் உள்ள இருபால் மரமும்தான் வரும், ஆண் வராது. சீட்டு பொய் என்பதற்கு மரமே சாட்சி.

பப்பாளி மேல் எனக்குக் கோபமில்லை. அதன் குடும்பத்தில் ஏறத்தாழ 35 இனங்கள். பெரும்பாலானவற்றில் ஆண் தனி, பெண் தனி. காட்டுப் பப்பாளியும் அப்படியே. இருபால் மரம், மத்திய அமெரிக்காவில் மக்கள் வளர்த்து வந்த பப்பாளியில், சுமார் 4000 ஆண்டுகளுக்கு முன் ஆண் மரத்திலிருந்து கிளைத்தது என்கிறார்கள் ஆய்வாளர்கள். இன்னொன்று: தாவரங்களில் பப்பாளிக் குடும்பத்துக்கு மிக நெருங்கிய சொந்தம் நம் முருங்கை! கடுகும் தூரத்து உறவுதான். பப்பாளி விதையைக் கடித்துப் பாருங்கள், அதே காரம் நாக்கில் ஏறும்.

மூன்று ஆண் மரங்களை வெட்டிவிட்டு, மகரந்தத்துக்காக ஒன்றை மட்டும் விட்டுவைத்தேன். அந்த நர்சரியில் முருங்கைக் கன்று தாராளமாக வாங்கலாம், எனக்கு நன்றாகவே வந்திருக்கிறது. பப்பாளி வாங்குவதானால் சீட்டை நம்பாமல் குழிக்கு மூன்றாக நட்டு, பூத்தபின் களைந்துகொள்ளுங்கள். காசைத் திருப்பிக் கேட்டுப் பயனில்லை.

மீதி எட்டு மரத்திலும் உருண்டைக் காய்கள், எல்லாம் பெண். பங்குனியில் முதல் பழத்தை அறுத்தேன். உள்ளே சிவப்பு இல்லை, மஞ்சள். ஆனால் நல்ல தித்திப்பு.