பில்லில் இருந்த பரிசோதனை கோப்பில் இல்லை: அமியோடரோன் சாப்பிடுகிறவர்களின் வீட்டாருக்கு

உங்கள் வீட்டில் யாராவது இதயத் துடிப்பு ஒழுங்காக இருப்பதற்காக அமியோடரோன் என்ற மாத்திரை சாப்பிடுகிறார்களா? அவர்களுக்கு ஏதாவது அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்திருக்கிறார்களா? அப்படியானால் இதை முழுவதும் படித்துவிட்டுப் போங்கள். எங்கள் அப்பாவுக்கு நடக்க இருந்தது ஒரு சாதாரண குடலிறக்க அறுவை சிகிச்சை. மறுநாள் காலை ஏழு மணிக்கு அவர்தான் முதல் ஆள். முந்தைய இரவு மயக்க மருந்து மருத்துவர் ஒருவர் அவருடைய கையைப் பிடித்துப் பார்த்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

மருத்துவமனையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. புகார் நிலுவையில் இருக்கிறது. பெயரைவிட, நடந்த விதம்தான் உங்களுக்குப் பயன்படும்.

அப்பாவுக்கு 67 வயது. இரண்டரை ஆண்டுகளுக்கு முன் இதயம் தாறுமாறாகத் துடித்து மருத்துவமனையில் சேர்த்தோம். அப்போது எழுதிக் கொடுத்ததுதான் 200 மில்லிகிராம் அமியோடரோன், தினம் ஒன்று. கூடவே ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின். துடிப்பு சீரானது. மாதாமாதம் அதே சீட்டைக் காட்டி மாத்திரை வாங்கினோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தைராய்டும் கல்லீரலும் பரிசோதிக்க வேண்டிய மாத்திரை அது என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. சீட்டிலும் எழுதவில்லை. நாங்களும் கேட்கவில்லை, அது எங்கள் தவறு.

சென்ற ஆண்டு நடுவில் அப்பா மெலியத் தொடங்கினார். பத்து மாதத்தில் ஒன்பது கிலோ. சாப்பாடு குறையவில்லை, கூடத்தான் சாப்பிட்டார். "வயசாகிறது, நடைப்பயிற்சி போகிறார், நல்லதுதானே" என்றார்கள் உறவினர்கள். மின்விசிறி போதவில்லை என்று இரவில் திண்ணைக்கு வந்து படுத்தார். நாற்காலியிலிருந்து எழும்போது கையை ஊன்றி எழுந்தார். ஒரு நாள் பல் துலக்கும்போது ஈறிலிருந்து ரத்தம் நிற்காமல் வந்தது. ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை பார்த்தபோது, இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் இருக்க வேண்டியது நாலைத் தாண்டியிருந்தது. வார்ஃபரின் அளவைக் குறைத்து அனுப்பிவிட்டார்கள். இரண்டு ஆண்டுகளாக ஒரே அளவில் ஒத்துப்போன மருந்து திடீரென்று ஏன் அதிகமாக வேலை செய்கிறது என்று யாரும் நின்று யோசிக்கவில்லை. தைராய்டு மிகையாக இயங்கினால் ரத்தம் உறைய உதவும் பொருள்கள் வேகமாக அழியும், அதனால் வார்ஃபரின் வழக்கத்தைவிட மிகையாகப் பிடிக்கும் என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். ஈறு எங்களுக்கு மூன்று மாதம் முன்பே சொல்லியிருக்கிறது.

அடிவயிற்று ஓரத்தில் வீக்கம் வந்தது, குடலிறக்கம் என்றார்கள். ஸ்கேன், பரிசோதனைகள், அறுவை சிகிச்சை, இரண்டு நாள் அறை வாடகை எல்லாம் சேர்த்து ஒரு பேக்கேஜ். அச்சடித்த காகிதத்தில் முன்பரிசோதனைகளின் பட்டியல் இருந்தது. அதில் ஏழாவது வரி தைராய்டு, 650 ரூபாய். நான் அரிசி ஆலை ஒன்றில் கணக்கெழுதுகிறவள். எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும் வரிவரியாகத்தான் படிப்பேன். அதனால்தான் அந்த ஏழாவது வரி நினைவில் நின்றது. ஆனால் பணம் கட்டியதைச் சரிபார்த்த நான், ரிப்போர்ட் வந்ததா என்று சரிபார்க்கவில்லை. அறுவை சிகிச்சைக்குத் தகுதி என்று ஒரு மருத்துவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். காப்பீட்டு நிறுவனத்தின் அனுமதியும் வந்துவிட்டது.

முந்தைய இரவு எட்டரை மணி இருக்கும். மயக்க மருந்து மருத்துவர் வந்தார், வயதான அம்மையார். குளிரூட்டிய அறை அது, நான் சால்வை போர்த்தியிருந்தேன். அப்பாவின் உள்ளங்கை மட்டும் சூடாக ஈரமாக இருந்தது. கைகளை நீட்டச் சொல்லி, விரல்களின் மேல் ஒரு காகிதத்தை வைத்தார். காகிதம் நடுங்கியது. நாடி 118. மாத்திரைப் பெட்டியைத் திறந்து பார்த்தவர் என் பக்கம் திரும்பி, "ஏம்மா, இதை எத்தனை நாளாகச் சாப்பிடுகிறார்? தைராய்டு ரிப்போர்ட் எங்கே?" என்று கேட்டார்.

கோப்பைப் புரட்டினோம். சர்க்கரை இருந்தது, சிறுநீரகம் இருந்தது, இசிஜி இருந்தது, எக்கோ இருந்தது. தைராய்டு இல்லை. ஆய்வகத்துக்குத் தொலைபேசியில் பேசினார். "மாதிரி போதவில்லை, மறுபடி எடுக்கச் சொல்லியிருந்தோம்" என்று பதில் வந்தது. யாரிடம் சொன்னார்கள் என்பது இன்று வரை தெரியாது. அந்த அம்மையார் அங்கேயே நின்று ரத்தம் எடுக்கச் சொல்லி, அறுவை சிகிச்சையை நிறுத்தி எழுதிவிட்டுப் போனார். காலையில் முடிவு வந்தது: தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். 0.01-க்கும் கீழே, தைராய்டு சுரக்கும் ஹார்மோனான டி4 இருக்க வேண்டிய உச்ச அளவைப் போல இரண்டு மடங்குக்கு மேல். தைராய்டு மிகையாக இயங்குகிறது என்று பொருள்.

அந்த நிலையில் கத்தி வைத்தால் தைராய்டு புயல் என்கிற நிலை வரலாம். காய்ச்சல் ஏறும், நாடி தறிகெட்டு ஓடும், நினைவு குழம்பும், இதயம் தளரும். தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்துச் சிகிச்சை கொடுத்தும் பத்தில் ஒருவரையாவது இழக்க நேரிடும் நிலை அது. ஒரு குடலிறக்கத்துக்காக.

இத்தோடு முடிந்திருந்தால் கவனக்குறைவு என்று விட்டிருப்பேன். அடுத்து நடந்ததுதான் என்னைக் கொதிக்க வைத்தது. காலையில் வேறொரு மருத்துவர் வந்து, தைராய்டு ஹார்மோன் உற்பத்தியைத் தடுக்கும் கார்பிமசோல் 10 மில்லிகிராம், தினம் மூன்று வேளை எழுதினார். "பத்து நாளில் சரியாகிவிடும், பதினோராம் நாள் அறுவை சிகிச்சை" என்றார். இது எந்த வகைத் தைராய்டு என்று கேட்டேன். "தைராய்டு என்றால் தைராய்டுதான்" என்றார். காப்பீட்டுப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து, "அனுமதி பதினைந்து நாளைக்குத்தான். தள்ளிப் போட்டால் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும், முன்பணம் திரும்ப வராது" என்றார். ஆக, பதினோராம் நாள் எங்கிருந்து வந்தது என்று புரிந்தது. அப்பாவின் கழுத்திலிருந்து வரவில்லை, அனுமதிக் கடிதத்திலிருந்து வந்தது.

எங்கள் பொறுப்பில் கூட்டிப் போகிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு அப்பாவை அழைத்துக்கொண்டு வந்தேன். வேறு ஊரில் நாளமில்லாச் சுரப்பி நிபுணர் ஒருவரைப் பார்த்தோம். அவர்தான் பொறுமையாக விளக்கினார்.

அமியோடரோனின் எடையில் 37 விழுக்காடு அயோடின். 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் ஏறக்குறைய 75 மில்லிகிராம். ஒரு மனிதருக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 150 மைக்ரோகிராம். வகுத்துப் பாருங்கள், ஐந்நூறு நாளைக்கான அயோடின் ஒரே மாத்திரையில். அத்தனையும் அன்றே வெளியே வருவதில்லை, ஆறு ஏழு மில்லிகிராம்தான் வரும். அதுவே தேவையைப் போல நாற்பது மடங்கு. பக்கத்து வீட்டு அக்கா "அயோடின் உப்பை நிறுத்து, இந்துப்பு வாங்கு" என்றார். கடலையே குடித்துக்கொண்டிருப்பவருக்கு உப்பை மாற்றி என்ன பயன்!

இந்த மாத்திரையால் தைராய்டு இரண்டு விதமாக மிகலாம் என்றார் மருத்துவர். எனக்குப் புரிந்த மொழியில் சொல்கிறேன். முதல் வகையில், வந்து குவிகிற அயோடினை வைத்துச் சுரப்பி ஓயாமல் ஹார்மோனை அரைத்துத் தள்ளுகிறது. நெல் வந்துகொண்டே இருக்கிறது, ஆலை நிற்கவில்லை. ஏற்கெனவே கழுத்தில் கட்டியோ மறைந்திருந்த தைராய்டு நோயோ உள்ளவர்களுக்கு இப்படி வரும். இங்கே ஆலையை நிறுத்தும் கார்பிமசோல் வேண்டும், அதுவும் வழக்கத்தைவிட அதிக அளவில், வாரக்கணக்கில். இரண்டாம் வகையில் ஆலை ஓடவே இல்லை. மருந்தின் நஞ்சால் கிடங்குச் சுவர் இடிந்து, சேமித்து வைத்திருந்த மூட்டைகள் தெருவில் கொட்டுகின்றன. நின்றுபோன ஆலையைப் பூட்டி என்ன ஆகப்போகிறது? இதற்குச் சுவரின் வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீராய்டு வேண்டும். இரண்டும் கலந்து வருவதும் உண்டு, அப்போது இரண்டு மருந்தும் சேர்த்துக் கொடுப்பார்கள்.

எந்த வகை என்று பார்க்கக் கழுத்தில் டாப்ளர் ஸ்கேன் எடுத்தார். முதல் வகையில் சுரப்பிக்குள் ரத்த ஓட்டம் மிகுந்திருக்கும், இரண்டாம் வகையில் ஏறக்குறைய இருக்காது. அப்பாவுக்கு இல்லை. திரையில் சுரப்பி வெறுமையாகக் கிடந்தது. இரண்டாம் வகை. முதல் மருத்துவமனை பத்து நாளில் சரிசெய்துவிடும் என்று கொடுத்தது, நின்றுபோன ஆலைக்கான பூட்டு.

காலை உணவுக்குப் பின் ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு 40 மில்லிகிராம், நாடியைக் கட்டுப்படுத்த ஒரு மாத்திரை. கார்பிமசோல் நின்றது. இதய மருத்துவரிடம் கலந்து பேசி அமியோடரோனையும் நிறுத்தினார்கள். இதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், துடிப்பு மறுபடி கெட்டால் அதுவே ஆபத்து. நிறுத்தினாலும் அது கொழுப்பில் தங்கி மாதக்கணக்கில் உடலில் இருக்கும் என்பதால், மருந்தை நிறுத்திப் பல மாதம் கழித்துத் தைராய்டு மிகுந்தவர்களும் உண்டாம். "இப்போதுதான் சாப்பிடவில்லையே" என்று அந்தப் பெயரை மருத்துவரிடம் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்.

ஸ்டீராய்டு சுகமான மருந்து அல்ல. அப்பாவுக்குச் சர்க்கரை ஏறியது, தூக்கம் கெட்டது, முகம் உப்பியது, எரிச்சல் எல்லாம் என் மேல் விழுந்தது. மூன்றாம் வாரத்தில் கை நடுக்கம் நின்றது. ஆறாம் வாரத்தில் டி4 பாதியாகக் குறைந்தது. பத்தாம் வாரம் இயல்புக்கு வந்தது. தைராய்டு அடங்க அடங்க வார்ஃபரின் வேலை குறைந்தது, அதன் அளவை மறுபடி ஏற்ற வேண்டியிருந்தது. ஸ்டீராய்டையும் படிப்படியாகத்தான் குறைத்தார்கள்.

காத்திருக்கவே முடியாத அறுவை சிகிச்சையாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று அவரிடம் கேட்டேன். அப்போது நாடியை அடக்கும் மருந்து, ஸ்டீராய்டு, தைராய்டை அடக்கும் மருந்து எல்லாம் ஒரே நேரத்தில் கொடுத்து, சில சமயம் ரத்தத்தின் பிளாஸ்மாவை மாற்றி, தீவிர சிகிச்சைப் பிரிவைத் தயாராக வைத்துக்கொண்டு செய்வார்கள் என்றார். இதயம் தளர்ந்துகொண்டே போய், மருந்துக்கும் அடங்காதபோது தைராய்டையே அகற்றுவதும் உண்டாம். தைராய்டு மிகுதிக்கு வழக்கமான காரணமான கிரேவ்ஸ் நோய் உள்ளவர்களுக்கு அறுவை சிகிச்சைக்கு முன் கொடுக்கிற அயோடின் கரைசலுக்கு இங்கே வேலை இல்லை, சுரப்பி ஏற்கெனவே அயோடினில் ஊறிக் கிடக்கிறது. எங்கள் வீட்டுக் குடலிறக்கம் காத்திருக்கக் கூடியது. நான்கு மாதம் காத்திருந்தது. பிறகு வேறு மருத்துவமனையில், முதுகில் ஊசி போட்டு மரக்க வைத்து, ஸ்டீராய்டு சாப்பிட்டவர் என்பதால் அன்று கூடுதலாக ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டும் கொடுத்து, முக்கால் மணி நேரத்தில் முடித்தார்கள்.

பழைய மருத்துவமனைக்கு வருகிறேன். ஆவணங்களின் நகல் வேண்டும் என்று கைப்பட எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரையும் வாங்கினேன். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிமுறைகள் சொல்கின்றன. அதைச் சொன்ன பிறகுதான் வரவேற்பில் இருந்தவர் முகம் மாறியது. மூன்றாம் நாள் நகல் வந்தது. தைராய்டு என்ற வரிக்கு எதிரே ஆய்வகக் குறிப்பில் "மாதிரி போதவில்லை", பில்லில் 650 ரூபாய், தகுதிச் சான்றில் "பரிசோதனைகள் அனைத்தும் இயல்பு". மூன்று காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநருக்கு அனுப்பியிருக்கிறேன். நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிந்திருக்கிறேன்.

சென்ற வாரம் மருத்துவமனையிலிருந்து ஒருவர் அழைத்தார். எழுத்தர் பிழையாம், 650 ரூபாயைத் திருப்பித் தருகிறார்களாம், புகாரைத் திரும்பப் பெற முடியுமா என்றார். தகுதிச் சான்றில் கையெழுத்துப் போட்டவரும் எழுத்தரா என்று கேட்டேன். அழைப்பைத் துண்டித்துவிட்டார்.

இரண்டாம் வகை வந்து போனவர்களில் சிலருக்குப் பின்னால் தைராய்டு குறைந்தும் போகுமாம், அதனால் அப்பாவுக்குப் பரிசோதனை தொடர்கிறது. அடுத்த டி.எஸ்.எச். வரும் 12-ஆம் தேதி. ஆய்வகத்தில் சொல்லிவிட்டேன், ரிப்போர்ட்டை ஒரு கையில் வாங்கிக்கொண்டுதான் மறு கையால் பணம் கொடுப்பேன்.