டர்பனில் புரட்டாசியில் பர்கர் சாப்பிடப் போகிறீர்களா? முதலில் கல்லைப் பாருங்கள்

செப்டம்பர் 24, தென்னாப்பிரிக்காவில் ஹெரிடேஜ் டே விடுமுறை. ஊரே பிராய் அடுப்பு மூட்டிக் கறி சுடுகிற நாள், ஆனால் அது புரட்டாசிக்குள் வருவதால் நம் ஆட்கள் பலர் வீட்டில் அன்றைக்குக் கறி கிடையாது. மதுரையில் எங்கள் வீட்டில் புரட்டாசிச் சனி மட்டும்தான் விரதம். இங்கே டர்பனில் இந்திய வம்சாவளியினர் நிறைய இருக்கும் சாட்ஸ்வர்த்தில் என்னோடு வேலை பார்க்கும் அக்கா வீட்டில் மாதம் முழுக்க முட்டைகூடத் தொட மாட்டார்கள், நான்கைந்து தலைமுறைக்கு முன்னால் கப்பலேறி வந்த குடும்பம், நம்மைவிடக் கறார்.

ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார்கள் என்று அக்கா குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு எட்டுப் பேராக ஃபுளோரிடா ரோடு பக்கம் ஒரு பர்கர் கடைக்குப் போனோம். பெயர் வேண்டாம். வாசலில் எப்போதும் கூட்டம் நிற்கும், போட்டோவுக்கென்றே வருகிறவர்கள் உண்டு, அந்த மாதிரிக் கடை. உட்கார்ந்ததுமே அக்கா கேட்டார், வெஜ் பர்கரைத் தனிக் கல்லில் போடுவீர்களா என்று. ஆர்டர் எடுத்த பையன் யோசிக்கவே இல்லை, "தனிதான், கவலைப்படாதீர்கள்" என்றான். எட்டும் வெஜ்.

முக்கால் மணி நேரம் கழித்து வந்தது. ருசி பரவாயில்லை, அதில் குறை சொல்ல மாட்டேன். பாதி சாப்பிட்டதும் கை கழுவ எழுந்து போனேன், போகிற வழியில் திறந்த சமையலறை. ஒரே நீளக் கல். நடுவில் மாட்டுக்கறி வட்டங்கள் கொழுப்பு உருகிக் கொதித்துக்கொண்டிருக்கின்றன, ஓரத்தில் அடுத்த மேசைக்கான வெஜ் வட்டம் அந்தக் கொழுப்பிலேயே கிடக்கிறது. இரண்டையும் புரட்டுவது ஒரே தோசைத்திருப்பி. வேறு கல் ஏதாவது இருக்கிறதா என்று கழுத்தை நீட்டிப் பார்த்தேன், இல்லை.

திரும்பி வந்து சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கினேன், சொன்னேன். அம்மா ஒன்றும் பேசவில்லை, தட்டைத் தள்ளி வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார்கள். அக்காவுக்குத்தான் கண் கலங்கிவிட்டது. மேலாளர் வந்தார். "உள்ளே இறைச்சி இல்லையே, தனிக் கல் என்று மெனுவில் நாங்கள் எழுதவில்லையே" என்றார். எழுதவில்லைதான். கேட்டபோது "இல்லை" என்று சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்போமே, அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். காசு வாங்காமல் விடுவார்கள் என்று எதிர்பார்த்தேன், எட்டுக் கோக் மட்டும் இலவசம் என்றார்கள்.

சரி, கதை அதோடு முடியவில்லை. எட்டு பர்கர், ஒன்று 135 ரேண்ட், மொத்தம் 1,080. பெரிய கூட்டம் என்று 10 சதவீத சேவைக் கட்டணம் 108, ஆக 1,188. இது மெனுவின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். சண்டை போட்ட களைப்பில் கார்டைத் தட்டிவிட்டு வந்துவிட்டேன். கார் காவலருக்குப் பத்து ரேண்ட் கொடுத்துக் கதவைத் திறக்கும்போது வங்கி எஸ்எம்எஸ் வருகிறது, 1,306.80. பில்லுக்கு மேல் இன்னொரு 10 சதவீத டிப்பை அவர்களே மெஷினில் போட்டுத்தான் என்னிடம் நீட்டியிருக்கிறார்கள். இங்கே டிப் வைப்பது வழக்கம்தான், நானும் வைப்பவன்தான், ஆனால் நாம் வைத்தால்தானே அது டிப்.

உள்ளே திரும்பிப் போய் அந்த 118.80ஐ மட்டும் வாங்கினேன், அதற்கே இருபது நிமிடம் நின்றேன். போகிறவர்கள் "வெஜ் இருக்கிறதா" என்று கேட்காதீர்கள், எல்லாரும் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். கல்லைக் காட்டச் சொல்லுங்கள், சிப்ஸ் பொரிக்கிற எண்ணெயில் சிக்கனும் போகிறதா என்று கேளுங்கள். கார்டைத் தட்டுவதற்கு முன் மெஷினில் இருக்கிற தொகையைப் பில்லோடு வைத்துப் பாருங்கள்.

அன்றைக்கு இரவு அக்கா சாட்ஸ்வர்த்தில் தெரிந்த கடையிலிருந்து எட்டு குவார்ட்டர் பீன்ஸ் "பன்னி" வாங்கி வந்தார், கால் ரொட்டியைக் குடைந்து உள்ளே பீன்ஸ் குழம்பு ஊற்றித் தருவது. ரொட்டிக்குள் குழம்பா என்று சிரித்துக்கொண்டே அம்மா முழுசாகச் சாப்பிட்டார்கள்.