திருகோணமலையில் படம் எடுக்க எந்த ஸூம் லென்ஸ்: 55-250ஆ, 75-300ஆ, 70-300ஆ?

கோட்டை வாசலால் உள்ளே போனால் கோணேசர் கோயில் வரைக்கும் வழியெல்லாம் புள்ளிமான்கள். ஆட்களுக்குப் பழகியவைதான், ஆனாலும் கமராவோடு கிட்டப் போனால் தலையைத் திருப்பிக்கொண்டு நடந்துவிடும். மேலே ஏறி சுவாமி மலை விளிம்பில் நின்றால் கீழே வள்ளங்கள், கண்ணுக்கு நேரே காற்றில் மிதக்கும் செம்பருந்து. கமராவோடு வந்த 18-55 லென்ஸில் அந்தப் பருந்து வெறும் புள்ளி. லென்ஸ் பெயரில் உள்ள எண்கள் மில்லிமீட்டரில் அதன் குவியத் தூரம்; எண் கூடக்கூடத் தூரத்துப் பொருள் பெரிதாகத் தெரியும். இங்கே படம் எடுக்கத் தொடங்கும் பலர் அடுத்த லென்ஸைப் பற்றிக் கேட்பது இந்த இடத்தில்தான்.

ஒரு கிலோவுக்கு மேல் போகும் பெரிய லென்ஸ்களை இங்கே சேர்க்கவில்லை. தோளில் மாட்டிக்கொண்டு மலை ஏறி இறங்கக்கூடியது, மாதச் சம்பளக்காரர் வாங்கக்கூடியது, அவ்வளவுதான் கணக்கு.

கெனன் வைத்திருப்பவர்களுக்கு முன்னால் இரண்டு பெயர் வரும். ஒன்று 75-300 மூன்றாம் பதிப்பு, 480 கிராம். இரண்டாவது 2013இல் வந்த 55-250 எஸ்.டி.எம்., 375 கிராம். முதலாவதைப் பலர் விரும்புவதற்குக் காரணம் 300 என்ற எண். அந்த எண்ணைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். 250இலிருந்து 300க்குப் போனால் மான் ஐந்தில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும், அதற்கு மேல் இல்லை. 24 மெகாபிக்சல் கமராவில் 250இல் எடுத்த படத்தை ஓரம் வெட்டி அதே அளவுக்குக் கொண்டுவந்தாலும் 16 மெகாபிக்சலுக்கு மேல் மிஞ்சும். வீட்டுச் சுவரில் மாட்டும் படத்துக்கு அது தாராளம்.

அந்த 50 மில்லிமீட்டருக்காக விட்டுக்கொடுப்பது என்ன? கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஐ.எஸ். வசதி 75-300இல் இல்லை. மான்கள் அமைதியாக மேய்வது காலை ஆறு, ஆறரைக்கு. மர நிழலுக்குள் வெளிச்சம் குறைவு, நீட்டிய இடத்தில் லென்ஸின் துளை எஃப் 5.6க்கு மேல் திறக்காது (எஃப் எண் கூடினால் உள்ளே வரும் வெளிச்சம் குறையும்). 300இல் கையில் பிடித்து நடுக்கமில்லாமல் எடுக்க ஷட்டர் வேகம் 1/500 அளவில் வேண்டும். அதற்கு ஐ.எஸ்.ஓ.வை, அதாவது கமராவின் ஒளி உணர்திறனை ஏற்ற வேண்டும், ஏற்றினால் மானின் தோலில் புள்ளி எது, படத்தின் புள்ளி எது என்று தெரியாத மாதிரி ஆகும். 55-250இன் ஐ.எஸ். மூன்றரை ஸ்டொப் வரை கைகொடுக்கும் என்று கெனன் சொல்கிறது (ஒரு ஸ்டொப் என்றால் ஷட்டர் வேகத்தைப் பாதியாகக் குறைக்கலாம்). நான் அதில் பாதியைத்தான் நம்பி எடுக்கிறேன். 1/125இல் எடுத்த படத்திலேயே மானின் இமை மயிர் ஒவ்வொன்றாகத் தெரிகிறது. அசையாமல் நிற்கும் மானுக்குத்தான் இது, துள்ளும் குட்டிக்கு இல்லை.

இன்னொரு விசயம் கடைக்காரர்கள் சொல்லமாட்டார்கள். 75-300இல் போகஸ் பண்ணும்போது முன்பக்கம் சுற்றும். நிலாவெளிக் கடலின் பளபளப்பை அடக்கப் போலரைசர் ஃபில்டர் போட்டால், அதைச் சரியான கோணத்தில் வைத்த பிறகு லென்ஸ் அதையும் சேர்த்துச் சுற்றிவிடும். 55-250 எஸ்.டி.எம்.மில் அந்தத் தொல்லை இல்லை. இரண்டுக்கும் ஃபில்டர் 58 மில்லிமீட்டர். கிட்டத்தில் எடுப்பதிலும் வித்தியாசம் பெரிது: 75-300க்கு ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், 55-250க்கு 85 சென்ரிமீட்டர் போதும். கரைவலை இழுக்கிறவரின் பக்கத்தில் நின்றுகொண்டே, கயிற்றைப் பிடித்த விரல்களில் ஒட்டியிருக்கும் ஈர மணலை எடுக்கலாம்.

75-300க்கு ஒரேயொரு நியாயம் உண்டு. ஃபுல் ஃப்ரேம், அதாவது பெரிய சென்சர் உள்ள கெனன் டி.எஸ்.எல்.ஆர். வைத்திருப்பவருக்கு 55-250 பொருந்தாது. மற்றபடி நான் அதை யாருக்கும் சொல்வதில்லை.

நிக்கோன்காரர்களுக்கு இந்த விலைப் பிரிவில் கொடுத்துவைத்திருக்கிறது. 2016இல் வந்த ஏ.எஃப்-பி டி.எக்ஸ். 70-300 வி.ஆர். (கெனனின் ஐ.எஸ்.ஸுக்கு நிக்கோன் வைத்த பெயர் வி.ஆர்.) வெறும் 415 கிராம்தான், போகஸ் சத்தமில்லாமல் சட்டென்று பிடிக்கும். மார்ச்சிலிருந்து ஓகஸ்ட் வரை திமிங்கிலம் பார்க்க வள்ளத்தில் போகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். வால் மேலே எழும்புவது சில நொடிதான். அந்நேரம் 1/1000 வேகம் வேண்டும், வெயிலில் அது கிடைக்கும். நடுக்கம் குறைக்கும் வசதி வாலை நிறுத்தாது. ஆனால் ஆடுகிற வள்ளத்தில் வியூஃபைண்டருக்குள் படம் ஓடாமல் நிற்க உதவும்.

ஆனால் வாங்கும் முன் கமராவின் பெயரைப் பாருங்கள். டி3100, டி3200, டி5100, டி90, டி7000 இவற்றில் ஏ.எஃப்-பி லென்ஸ் போகஸே பண்ணாது. இங்கே கைமாறும் பழைய நிக்கோன்களில் இவைதான் நிறைய. அவர்கள் 55-200 வி.ஆர். இரண்டாம் பதிப்பை வாங்கலாம்: 300 கிராம், தூரம் கொஞ்சம் குறைவு, சட்டைப் பையளவுக்குச் சுருங்கும். அப்புறம், 70-300இல் வி.ஆர். இல்லாத ஒன்றும் அதே தோற்றத்தில் இருக்கிறது. லென்ஸின் மேல் எழுத்தை வாசித்துவிட்டே காசைக் கொடுங்கள்.

டம்ரோன் 70-300 மக்ரோ பற்றியும் கேட்கிறார்கள். 95 சென்ரிமீட்டரில் பாதி உயிரளவு வரை, அதாவது சென்சரில் பொருளின் உண்மை அளவில் பாதியாக விழும்வரை எடுக்கும். வண்ணத்துப்பூச்சி, தும்பி எடுப்பவருக்கு நல்லது. நடுக்கம் குறைக்கும் வசதி இல்லாததால் மானுக்கு வேண்டாம்.

கெனன் ஆர்50, ஆர்100 போன்ற புதிய மிரர்லெஸ் இருந்தால் ஆர்.எஃப்-எஸ் 55-210தான் எல்லாவற்றிலும் இலேசு, 270 கிராம். ஆனால் நீட்டிய இடத்தில் எஃப் 7.1. காலை ஆறரை மணி மானுக்கு 1600 ஐ.எஸ்.ஓ. போதும் என்ற இடத்தில் இது 2500 கேட்கும். பழைய 55-250ஐ 110 கிராம் அடப்டரோடு மாட்டினாலும் அரைக் கிலோ வராது, பாவித்தது மலிவாகவும் கிடைக்கும். நானாக இருந்தால் அதைத்தான் செய்வேன்.

பாவித்த லென்ஸ் என்றால் டோர்ச் லைட்டோடு போங்கள். நான் ஒருமுறை வெளித்தோற்றத்தை மட்டும் பார்த்து ஒன்றை வாங்கினேன். வீட்டில் பின்பக்கத்தால் வெளிச்சம் அடித்துப் பார்த்தால் உள்கண்ணாடியில் சிலந்திவலை மாதிரிப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. மாரி மழை மாதங்களில் இங்கே ஈரம் அலுமாரிக்குள்ளும் வரும். இந்த லென்ஸ்கள் எதுவுமே ஈரம் புகாதபடி அடைக்கப்பட்டவை அல்ல, ஸூம் பண்ணும்போது நீளும் குழாய் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். கடற்காற்று பலமாக வீசும் நாளில் கடற்கரைக்குப் போய்வந்தால் குழாயை முழுதாக நீட்டி, சற்றே ஈரமான துணியால் உப்பைத் துடைத்து, காய்ந்த பிறகே சுருக்குங்கள். பிறகு சிலிக்கா ஜெல் பைகள் போட்ட, மூடி இறுக்கமான சாப்பாட்டுப் பெட்டிக்குள் வையுங்கள். என் 55-250 அப்படித்தான் இருக்கிறது.